பிள்ளை வாசிக்கக் கேட்ட பெற்றோர்

குழந்தை முதன்முதலாக நடந்த நாளையும் பேசிய நாளையும் பெற்றோர் மறப்பதில்லை. அது எழுத்துக் கூட்டி வாசித்த நாளும் அவ்வாறே அவர்கள் நெஞ்சில் நிற்கும். நடையும் பேச்சும் காலம் வந்தபோது தாமாகவே வருவன. வாசிப்பு அவ்வாறு வருவதன்று. கற்பிக்க ஓர் ஆசிரியரும், இருந்து படிக்க ஓர் இடமும், கையில் ஒரு நூலும், பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பும் மனமும் வசதியும் உடைய ஒரு குடும்பமும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அந்த மகிழ்ச்சி பெற்றோருக்கு வாய்ப்பதில்லை. கண்டி மாநகரிலும் அதைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ் பேசும் மக்களுக்கு அது எவ்வளவு காலம் கழித்து, எவ்வளவு தடைகளைக் கடந்து வாய்த்தது என்பதை வரலாறு கூறுகிறது.

கல்வி வழிவழியாக வந்த குடும்பங்களில் இந்த மகிழ்ச்சிக்கென்றே ஒரு நாள் உண்டு. விசயதசமி அன்று பிள்ளையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பிடித்துத் தட்டில் பரப்பிய பச்சரிசியில் முதலெழுத்தை எழுதுவிப்பர். இதனை ஏடு தொடக்கல் என்பர். கண்டி கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் போன்ற ஆலயங்களில் இவ்வழக்கம் தொடர்ந்து வருகிறது. முஸ்லிம் குடும்பங்களில் பிள்ளை ஓதற்பள்ளிக்குச் சென்று அலிஃப் என்னும் எழுத்திலிருந்து தொடங்கும். அதன் பின்னர் அரிவரி வகுப்பு. உயிரெழுத்துப் பன்னிரண்டும் மெய்யெழுத்துப் பதினெட்டும் மணலிலும் சிலேட்டிலும் எழுதி எழுதி விரலில் படியும். உயிர்மெய் வரிசைகள் வாயில் ஏறும். பிள்ளை பல நாட்கள் எழுத்துகளைத் தனித்தனியே ஒலித்துக்கொண்டிருக்கும். பின்னர் ஒரு நாள், அம், மா என்று பிரித்துச் சொன்ன வாய் சட்டென்று அம்மா என்று சேர்த்துச் சொல்லும். கோடுகளாகத் தோன்றியவை அன்று முதல் சொற்களாகின்றன. அருகில் இருந்து அதனைக் கேட்கும் தாய், தன் பெயரையே முதன்முறையாகக் கேட்டவள் போல மகிழ்கிறாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்டியில் இந்த மகிழ்ச்சி எல்லா வீடுகளுக்கும் உரியதாக இருக்கவில்லை. ஆங்கிலேயர் 1815-ஆம் ஆண்டில் கண்டி இராச்சியத்தைக் கைக்கொண்டனர். அதன்பின் நகரில் எழுந்த பள்ளிகளிற் பல மிஷன் சங்கங்களைச் சார்ந்தவை. 1857-இல் தொடங்கப்பட்டுப் பின்னர் திரித்துவக் கல்லூரி என்று பெயர் பெற்ற பள்ளி அவற்றுள் ஒன்று. அங்கே சென்றால் பிள்ளை ஆங்கிலம் கற்கும். ஆயின் தம் சமயத்தை விட்டுவிடுமோ என்று முஸ்லிம் பெற்றோர் பலர் அஞ்சினர். ஆகையால் பிள்ளைகள் ஓதற்பள்ளியோடு நின்றனர். பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் பின்தங்கியிருந்தது.

இந்தக் குறையை உணர்ந்து உழைத்தவர் கண்டியில் 1838-ஆம் ஆண்டில் பிறந்த அறிஞர் எம். சி. சித்திலெப்பை. தந்தையாரைப் போலவே அவரும் சட்டத்துறையில் புகுந்து வழக்கறிஞராக விளங்கினார். நல்ல வருவாய் தந்த அத்தொழிலை விட்டுக் கல்விப் பணியில் இறங்கினார். 1882-ஆம் ஆண்டில் 'முஸ்லிம் நேசன்' என்னும் வார இதழைத் தொடங்கித் தம் சமூகத்தாரைப் பள்ளிகள் அமைக்குமாறு அதன் வாயிலாக இடைவிடாது வேண்டினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883-இல் இலங்கை வந்த அராபி பாஷாவின் நட்பும் ஊக்கமும் அம்முயற்சிக்குத் துணையாயின. கொழும்பில் பின்னர் ஸாகிராக் கல்லூரியாக வளர்ந்த கல்விப் பணிக்கு வித்திட்டவர்களுள் சித்திலெப்பை முதன்மையானவர். 1885-இல் அவர் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று கருதப்படுகிறது.

இப்பெருமைகளுக்கு இடையே அவர் ஆற்றிய மற்றொரு பணி அமைதியாக நிற்கிறது. கண்டி நகரில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென அவர் ஒரு பள்ளியைத் திறந்தார். தம் பெண்களைக் கற்பிக்க ஆடவரிடம் அனுப்ப அக்காலப் பெற்றோர் உடன்படார். ஆகவே அவருடைய சகோதரி முத்து நாச்சியார் தாமே அங்கு ஆசிரியையாக அமர்ந்தார். பிறரைப் பார்த்து உங்கள் பெண்களை அனுப்புங்கள் என்று சொல்வதற்கு முன், தம் வீட்டுப் பெண்ணைப் பள்ளிக்குக் கொண்டுவந்து நிறுத்திய செயல் அது. பிள்ளைகளுக்கான பாட நூல்களையும் சித்திலெப்பை எழுதினார். அக்கால முஸ்லிம் பெண்களுட் சிலர் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழ் நூல்களை வீட்டிலேயே வாசித்து வந்தனர். அவர்களுடைய பெண்பிள்ளைகள் தமிழ் எழுத்திலும் வாசிக்கத் தொடங்கியபோது, அச்சில் வந்த இதழும் நூலும் அவ்வீடுகளின் உள்ளறை வரை சென்றன. 1898-ஆம் ஆண்டில் சித்திலெப்பை மறைந்தார். இன்று கண்டியில் அவர் பெயரைத் தாங்கி ஒரு பாடசாலை நிற்கிறது.

இது நகரத்தின் கதை. நகரிலிருந்து சில மைல் தூரம் மலையேறினால், அதே காலத்தில் அதே மொழியைப் பேசிய வேறு மக்கள் வாழ்ந்த தோட்டங்கள் தொடங்கும். அங்கே ஓதற்பள்ளியும் இல்லை. ஏடு தொடக்கலும் பெரும்பாலும் இல்லை.

1820-களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கண்டியைச் சுற்றிக் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. அவற்றில் உழைக்கத் தமிழகத்தின் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மக்கள் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். அந்நடையில் மாண்டோர் பலர். வந்தவர்களுட் பெரும்பாலோர் தம் ஊர்த் திண்ணைப் பள்ளியின் அருகிலும் செல்ல அனுமதிக்கப்படாத சாதிகளைச் சேர்ந்தவர்கள். பாட்டனும் தகப்பனும் எழுத்தறியாத குடும்பங்கள் அவை. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவதே அக்காலத்தில் வழக்கம். அதனால் அவர்களுடைய பிள்ளைகளின் கல்வியைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

1869-ஆம் ஆண்டில் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் அழிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி விட்ட இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு ஓய்வுப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். பறிப்பதற்குப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயன்களில் நிலையாகக் குடியேறின. பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தனர். கலகா, தெல்தோட்டை, புசல்லாவை, றங்கலை, மடுல்கலை முதலிய இடங்களில் ஒரு தலைமுறை மலையையே ஊராகக் கொண்டது.

அந்த மக்களுக்கு எழுத்துத் தெரியாது. அவர்களுடைய வாழ்க்கையோ எழுத்தினாலேயே நடத்தப்பட்டது. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நின்றவர்களின் பெயர் செக்ரோல் என்னும் பதிவேட்டில் ஏறும். பெயர் ஏறினால் கூலி, ஏறாவிட்டால் இல்லை. தோட்டத்துப் பேச்சில் ஒரு நாட் கூலிக்குப் பேர் என்றே பெயர் வந்துவிட்டது. பாதி நாள் வேலைக்கு அரைப்பேர். தம் பேர் விழுந்ததா, அரைப்பேராகக் குறைந்ததா என்பதை அறியக் கணக்கப்பிள்ளையின் வாய்ச்சொல்லையே அவர்கள் நம்பியிருந்தனர். பெரிய கங்காணியிடம் வாங்கிய முன்பணம், கடையரிசியின் விலை, கழிவுகள் எல்லாம் கணக்குப் புத்தகத்தில் இருந்தன. அது எந்நாளும் பிறர் கையில் இருந்த புத்தகம்.

துண்டு என்றொரு காகிதமும் இருந்தது. ஒரு தொகுதித் தொழிலாளரின் கடன் எவ்வளவு என்று குறித்து, அத்தொகையைச் செலுத்துவோரிடம் அவர்களை விட்டுவிடுவதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்தச் சீட்டைக் கொண்டு கங்காணி வேறு தோட்டத்தில் பணம் பெறுவான். கடனும் ஆட்களும் ஒருங்கே கைமாறுவர். யார் எவ்வளவு கடன்பட்டார் என்று அதில் எழுதப்பட்டிருந்ததைக் கடன்பட்டவர்களால் வாசிக்க இயலவில்லை. 1921-ஆம் ஆண்டிலேதான் சட்டத்தினால் இம்முறை ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிதாக வந்தவர்களுக்குத் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒன்றும் கொடுக்கப்பட்டது. தம் உடம்பில் அணிந்த எழுத்தையே அவர்கள் வாசிக்கத் தெரியாதவராய் இருந்தனர்.

ஊரிலிருந்து கடிதம் வந்தாலும் இதே நிலைதான். இன்பமோ துன்பமோ, வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிச் செல்ல வேண்டும். குடும்பத்தார் மட்டும் அறிய வேண்டிய செய்தியைக் கணக்கப்பிள்ளையோ கடைக்காரரோ முதலில் அறிந்தார். தாய் இறந்த செய்தியையும் தங்கையின் திருமணச் செய்தியையும் பிறர் குரலில் கேட்டுப் பழகிய மக்கள் அவர்கள்.

இவற்றை எண்ணிப் பார்த்தால், தோட்டத்துப் பிள்ளை ஒன்று எழுத்துக் கூட்டி வாசித்தபோது பெற்றோர் ஏன் அவ்வளவு மகிழ்ந்தனர் என்பது விளங்கும். கற்ற குடும்பத்துப் பிள்ளை வாசிக்கும்போது தகப்பன் தன்னைப் போலத் தன் பிள்ளையும் ஆயிற்று என்று மகிழ்கிறான். எழுதாப்படிக்காத தகப்பனோ, தனக்கு மூடியிருந்த கதவு தன் பிள்ளைக்குத் திறந்ததைக் காண்கிறான். எண்ணையும் எழுத்தையும் வாழும் உயிர்களுக்குக் கண் என்று வள்ளுவர் கூறினார். ஒரு லயத்தில் ஒரு பிள்ளை வாசித்தால் அந்தக் காம்பரா முழுவதற்கும் அந்தக் கண் உதவியது. மாலையில் வேலை முடிந்து வந்தவர்கள் குப்பி விளக்கைச் சுற்றி அமர, பெரிய எழுத்தில் அச்சிட்ட கதை நூல்களை ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் கேட்பது தோட்டங்களில் விருப்பமான பொழுதுபோக்காயிற்று. வாசிக்கும் இடத்தில் தம் பிள்ளை அமர்ந்தால், அண்டை வீட்டாரும் கேட்க வந்தால், பெற்றோருக்கு அதனிலும் பெருமை வேறில்லை.

அந்தப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் யாவர்? 1854-ஆம் ஆண்டிலேயே கண்டிப் பகுதியில் தமிழ்க் கூலி மிஷன் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கிறித்தவப் பணி தொடங்கி, சில தோட்டங்களில் பள்ளிகளை நடத்தியது. வேறு சில இடங்களில் கங்காணியோ எழுத்தறிந்த தொழிலாளி ஒருவரோ வேலை முடிந்த பின்னர் லயத்துத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தனர். லயப் பள்ளிகள் என்று இவை பெயர் பெற்றன. கரும்பலகை இல்லாத இடத்தில் மணலே பலகை.

அரசாங்கம் மெல்லவே அசைந்தது. கல்வித் திணைக்களம் 1869-இல் அமைக்கப்பட்ட போதிலும் தோட்டங்கள் அதன் பார்வைக்கு எட்டாதிருந்தன. 1907-ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசியது. 1920-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடசாலை வசதி செய்யும் கடமையைத் தோட்ட நிருவாகங்கள் மீது சுமத்தியது. துரைமார் பிறந்த நாட்டில் நடந்ததை இதனோடு ஒப்பிடலாம். இங்கிலாந்தில் ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் பள்ளி செல்ல வேண்டும் என்னும் கட்டாயம் 1880-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. தம் நாட்டில் வந்த நீதி தம் தோட்டத்திற்கு வந்து சேர 40 ஆண்டுகள் சென்றன.

சட்டம் வந்த பின்னும் பள்ளி எளிதில் நிலைபெறவில்லை. பெரும்பாலான தோட்டங்களில் ஒரே அறை. அதில் ஒரே ஆசிரியர். அரிவரிப் பிள்ளை ஒரு மூலையில் அகரம் சொல்ல, மூன்றாம் வகுப்புப் பிள்ளை மற்றொரு மூலையில் வாய்பாடு சொல்லும். கொழுந்து மிகுந்த நாட்களில் வருகை குறையும். தாய் மலைக்குச் சென்றால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்பிள்ளை வீட்டில் நிற்க வேண்டியிருந்தது. பத்து வயது கடந்ததும் பள்ளி முடிந்து வேலை தொடங்கும்.

குறைந்தபட்சக் கூலியை விதிக்கும் சட்டம் 1927-இல் நிறைவேறியது. அதன்படி நடு உயரத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட் கூலி ஆணுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம், பிள்ளைக்கு 31 சதம். கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிற் பல இவ்வகையைச் சேர்ந்தவை. இந்த எண்களை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பத்து வயது கடந்த பிள்ளையை மேலும் ஓராண்டு படிக்க வைக்க நினைத்த தாய், தன் நாட் கூலியில் முக்காற்பங்குக்குச் சமமான தொகையை ஒவ்வொரு நாளும் இழக்க உடன்பட வேண்டும். கடன் கழியாத வீட்டில் அது சிறு தொகையன்று. தோட்டத்து மக்களுக்குக் கல்வியில் நாட்டமில்லை என்று அக்காலத்தில் எளிதாகக் கூறியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. அந்த இழப்பைத் தாங்கியும் பிள்ளையை அனுப்பிய பெற்றோர் இருந்தனர் என்பதே வியப்பு.

1945-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெருமுயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாட்டின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வரை வழி திறந்தது. 1952-இல் கண்டிக்கு அருகே பேராதனையில் பல்கலைக்கழகம் குடிகொண்டது. மலைச்சரிவுகளுக்கு அருகிலேயே உயர்கல்வி வந்துவிட்ட போதிலும், சரிவில் வாழ்ந்த பிள்ளைக்கு அது தொலைவிலேயே நின்றது. தோட்டப் பள்ளிகள் நிருவாகங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டு, ஐந்தாம் வகுப்புக்கு அப்பால் செல்ல இயலாதனவாய் இருந்தமையே காரணம்.

அதே காலத்தில் எழுத்தின் தேவை முன்னெப்போதையும் விடப் பெருகியது. 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் உரிமை கோருவோர், மணமானவராயின் ஏழாண்டும் மற்றவராயின் பத்தாண்டும் தொடர்ந்து இந்நாட்டில் வாழ்ந்தமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. படிவங்களை நிரப்ப வேண்டும். பத்திரங்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். வந்த அறிவித்தலை வாசித்துத் தவணைக்குள் மறுமொழி அனுப்ப வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. அந்நாட்களில் ஒரு வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை இருப்பதும் இல்லாதிருப்பதும் சிறிய வேறுபாடன்று. துண்டின் காலத்தில் கடனைத் தீர்மானித்த காகிதம், இப்போது எந்த நாட்டவர் என்பதையே தீர்மானித்தது.

1964-ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியவர் என்று அது வகுத்தது. ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட இரயில்வண்டிக்கு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டனர். சென்றவர்களிற் பலருக்கு நீலகிரியில் 1968-இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டத்தில் வேலை கிடைத்தது. அதன்பின் கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் கண்டி மலைகளுக்குக் கடிதங்கள் வந்தன. இங்கிருந்து அங்கும் சென்றன. பாட்டன் காலத்துக் கடிதம் பிறர் வீட்டில் வாசிக்கப்பட்டது. இக்கடிதங்களைப் பல வீடுகளில் பிள்ளைகளே வாசித்தனர். அழவேண்டிய செய்தியைத் தம் வீட்டுக்குள் இருந்தே அழ முடிந்தது. பெற்றோருக்குக் கிடைத்த ஆறுதல்களுள் அதுவும் ஒன்று.

1972-ஆம் ஆண்டிலும் 1975-ஆம் ஆண்டிலும் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதனைத் தொடர்ந்து தோட்டப் பள்ளிகளைக் கல்வி அமைச்சு படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1980-களில் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன; ஆசிரியர் பயிற்சி பெருகியது. 1988-ஆம் ஆண்டிலும் 2003-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்கள் நாடற்றவர் நிலையை நீக்கின. மலையகத்துப் பிள்ளைகள் ஆசிரியராயும் மருத்துவராயும் எழுத்தாளராயும் வந்தனர். பேராதனை வளாகத்தில் மாணவராயும் பின்னர் விரிவுரையாளராயும் அமர்ந்தனர். இத்தனைக்கும் அடிப்படை அந்த ஒற்றை அறைப் பள்ளியில் மணலில் எழுதிய அகரமேயாகும்.

இந்த மகிழ்ச்சியோடு ஒரு மெல்லிய துயரமும் கலந்தே இருந்தது. கற்ற பிள்ளை மலையில் நிற்பதில்லை. வாசிக்கத் தொடங்கிய அன்றே பிள்ளை பெற்றோருக்குத் தெரியாத உலகம் ஒன்றை நோக்கி ஓரடி எடுத்து வைக்கிறது. எழுத்தறியாத தாய் அதனை உணராதவள் அல்லள். உணர்ந்தும் அவள் பிள்ளையைத் தடுக்கவில்லை. தலை வாரிச் சிலேட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கூடையுடன் மலையேறினாள்.

கண்டிப் பெண்பிள்ளைகளுக்குச் சித்திலெப்பை திறந்த பள்ளிக்கும் மலைத் தோட்டத்து லயப் பள்ளிக்கும் இடையே தூரம் சில மைல்களே. ஒன்றில் அஞ்சிய பெற்றோர் அச்சம் நீங்கினர். மற்றொன்றில் வறிய பெற்றோர் கூலியை இழந்தனர். இரண்டிடத்திலும் அவர்கள் பெற்ற பயன் ஒன்றே: தம் பிள்ளையின் வாயிலிருந்து எழுத்து சொல்லாகி வந்ததைக் காதாரக் கேட்டனர். தோட்டப்புறப் பாடசாலைகளின் குறைகள் இன்னும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. ஆசிரியர் போதாமையும் இடைவிலகலும் அங்கே தொடர்கின்றன. அரிவரி வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இடம் அளிப்பது அதன் வீட்டார் அனைவருக்கும் கண் அளிப்பதாகும் என்பதைக் கண்டிச் சீமையின் இந்த வரலாறு காட்டுகிறது.